நான் கொடுத்த ஜீப்

எங்கள் ஜீப்பை ஆண்டவருக்குக் கொடுத்தது நான்தான். அப்பாவைக் கேட்கவில்லை. அம்மாவையும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. முன்கண்ணாடியின் மேல்பக்கம் மஞ்சள் எழுத்தில், இருபுறமும் ஒரு ரோஜாப்பூவோடு எழுதியிருந்தது என் பெயர். எதன் மேல் யார் பெயர் இருக்கிறதோ அது அவருடையது என்பது ஐந்தாம் வகுப்பில் எனக்குத் தெரிந்திருந்த சட்டம். என் பென்சில் டப்பா அப்படித்தான் என்னுடையதாக இருந்தது. ஜீப்பும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

அப்பா அந்த ஜீப்பை எங்கள் ஊர் மஞ்சக்குட்டைக்கும் ஏற்காடு ஒண்டிக்கடை நாற்சந்திக்கும் நடுவே ஷேர் வண்டியாக ஓட்டிக்கொண்டிருந்தார். பஸ் வராத நேரங்களில் எங்கள் பக்கத்து ஊர்களுக்கு அதுதான் பஸ். எஸ்டேட் வேலைக்குப் போகும் பெண்கள், பீன்ஸ் மூட்டை, கோழிக்கூடை, கேஸ் சிலிண்டர், கல்யாண மாப்பிள்ளை எல்லாம் அதில்தான் போவார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அது சுற்றுலா வண்டியாகிவிடும். கீழே சேலத்திலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு ஏரி, காட்சிமுனை என்று சுற்றிக் காட்டுவார். மற்ற நாளெல்லாம் வண்டி டீசலுக்காக ஓடுகிறது, ஞாயிற்றுக்கிழமை ஒருநாள்தான் நமக்காக ஓடுகிறது என்பாள் அம்மா. அதனால் அப்பாவுக்கு ஞாயிறு ஆராதனை என்பது கடைசி பெஞ்சில் அரைமணி நேரம். பிரசங்கம் தொடங்கும்போது சாவியை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு, தலையைக் குனிந்து, ஏதோ பெரிய பக்தியில் இருப்பவர் போலவே வெளியே நழுவிவிடுவார்.

அந்த வருஷம் மழைக்கு முன்னால் எங்கள் சபைக்குப் புதிதாக ஓர் ஆயர் வந்திருந்தார். வந்த மூன்றாவது வாரமே எல்லோர் கையிலும் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்தார். பெரியவர்களுக்கு மட்டுமல்ல, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கும். பணம் எதுவும் எழுதக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். உங்கள் கைக்கு என்ன வேலை தெரியும், உங்கள் வீட்டில் இருப்பதில் எது நாலு பேருக்கு உதவும், அதை எழுதி ஆண்டவருக்குக் கொடுங்கள், அடுத்த வாரம் வாசிப்பேன் என்றார்.

ஒரு வாரம் முழுக்க யோசித்தேன். என்னிடம் இருந்தவை ஒரு பென்சில் டப்பா, ஒரு ஸ்கிப்பிங் கயிறு, இரண்டு ஜோடி ரிப்பன். ஆண்டவர் ஸ்கிப்பிங் கயிற்றை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? ரிப்பன் இன்னும் மோசம். இந்த உலகத்தையே செய்தவருக்கு இதையெல்லாம் கொடுப்பது மரியாதைக் குறைவு என்று முடிவுசெய்தேன். திறமை என்று பார்த்தால், மஞ்சக்குட்டையிலேயே சத்தமான குரல் எனக்குத்தான். ஆனால் அந்தக் குரலை ஏற்கெனவே பாடகர் குழுவுக்குக் கொடுத்து, அவர்கள் அன்பாகத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். ஆகவே சனிக்கிழமை சாயங்காலம் சீட்டில் பெரிய எழுத்தில் 'ஜீப்' என்று எழுதி, கீழே என் பெயரை எழுதி, நான்காக மடித்து வைத்துக்கொண்டேன். மனது நிறைவாக இருந்தது. இவ்வளவு பெரிய பொருளை வேறு யாரும் எழுதியிருக்க மாட்டார்கள் என்று நிச்சயமாகத் தெரியும்.

எழுதியிருக்கவும் இல்லை. மறுநாள் ஆயர் ஒவ்வொன்றாக வாசித்தார். ஒருவர் கோயில் ஒயரிங்கைத் தான் பார்த்துக்கொள்வதாக எழுதியிருந்தார். ஓட்டலில் சமையல் செய்பவர், காய்ச்சலில் கிடப்பவர்கள் வீட்டுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தனுப்புவதாக எழுதியிருந்தார். பெரிய எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்து ஓய்வுபெற்ற எங்கள் சபை மூப்பர், ஆராதனை அறிவிப்புகளைத் தன் குரலில் வாசித்துத் தருவதாக எழுதியிருந்தார். அதை அவர் இருபது வருஷமாக யாரும் கேட்காமலே செய்துகொண்டிருந்தார். அப்புறம் ஆயர் என் சீட்டைப் பிரித்தார். ஒருமுறை தனக்குள் படித்துக்கொண்டார். பிறகு என் பெயரைச் சொல்லி, "ஜீப்" என்றார்.

அந்தப் பெயரை எங்கள் சபையில் படிக்காதவர்கள் கிடையாது. எத்தனையோ நாள் வெயிலில் காத்திருந்து, அந்தப் பெயர் வளைவில் திரும்பி வருகிறதா என்று பார்த்தவர்கள். எல்லாத் தலைகளும் கடைசி பெஞ்சைப் பார்த்துத் திரும்பின.

அப்பா அந்த நேரம் பார்த்து நழுவுவதற்காகப் பாதி எழுந்திருந்தார். முழங்கால் மடங்கியபடி, ஒரு கை பெஞ்சில், ஒரு கையில் சாவி. பார்த்தவர்களுக்கு அவர் தன் காணிக்கையை உறுதிசெய்ய எழுந்து நிற்பது போலவே இருந்தது. அவர் அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் முகமெல்லாம் பல்லாக நின்றுகொண்டிருந்தேன். மடங்கியிருந்த முழங்காலை மெதுவாக நிமிர்த்தி நேராக நின்றார்.

"ஆமாங்க ஐயா," என்றார். அதோடு விட்டிருக்கலாம். "ஞாயித்துக்கெழம பூராவுமுங்க," என்றும் சேர்த்துச் சொன்னார்.

வீடு திரும்பும்போது அம்மா முன்சீட்டில் உட்கார்ந்து கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"ஏனுங்க, அவ பத்து வயசுப் புள்ள, எழுதிட்டா. நீங்க நாப்பது வயசு ஆளு, எந்திரிச்சு நின்னு ஆமாங்கறீங்க."

"எழுதிட்டால்ல."

"நாளைக்கு ஊட்டயும் எழுதிக் குடுப்பா. அப்பவும் எந்திரிச்சு நிப்பீங்களா?"

"ஊட்டுல அவ பேரு எழுதலியே," என்றார் அப்பா. அம்மா சிரிக்கக் கூடாது என்று வெளியே திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

அம்மா அன்றைக்குச் சீட்டில் எதுவும் எழுதியிருக்கவில்லை. வீட்டிலேயே தையல் மிஷின் வைத்து எஸ்டேட் பெண்களுக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம் ஆயரிடம் போய், திருமேசைக்குப் புது விரிப்பு ஒன்று தைத்துத் தருவதாகச் சொன்னாள். எனக்குப் போட்டியாகத்தான் சொல்கிறாள் என்று நினைத்தேன். சேலத்திலிருந்து வெள்ளைத் துணி வரவழைத்தாள். ரவிக்கை வேலை முடிந்த மத்தியானங்களில் கதவோரம் உட்கார்ந்து, நாலு ஓரத்திலும் கையாலேயே கோதுமைக்கதிரும் திராட்சைக்குலையும் போட்டாள். நான் கிட்டே போனால் கையைக் கழுவிவிட்டு வா என்பாள். கழுவிவிட்டுப் போனாலும் தொட விடமாட்டாள்.

ஜீப்போ ஞாயிறுதோறும் ஆண்டவருக்காக ஓடத் தொடங்கியது. காலையில் எங்கள் ஊரிலிருந்து கிளம்பி, வழியெல்லாம் நடக்க முடியாதவர்களையும் தூரத்தில் இருப்பவர்களையும் ஏற்றிக்கொண்டு கோயிலில் இறக்குவோம். முடிந்ததும் அதே போல வீட்டில் கொண்டுபோய் விடுவோம். யாரிடமும் எதுவும் வாங்குவதில்லை. அதுவரை வீட்டிலேயே ஜெபித்துக்கொண்டு கிடந்த நாலைந்து பெரியவர்கள் திரும்பவும் கோயிலுக்கு வந்தார்கள். என்னைப் பார்த்தால் தலையைத் தடவி, நீ நல்லாயிருப்பே சாமி என்பார்கள். எங்கள் பக்கத்தில் பிள்ளைகளைக் கண்ணு என்றும் சாமி என்றும்தான் கூப்பிடுவார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் யாராவது சாமி என்றால், அது எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே பொருந்துவதாகத் தோன்றும்.

நான் வண்டியின் பொறுப்பை எடுத்துக்கொண்டேன். யாரும் கொடுக்கவில்லை. முன்சீட்டில் உட்கார்ந்து சில விதிகளை உண்டாக்கினேன். காய்கறி மூட்டை கூடாது. வெற்றிலை போட்டுக்கொண்டு ஏறக் கூடாது. பாட்டுப்புத்தகம் கையில் இருந்தால் முன்னால் இடம். எல்லாவற்றையும் விட முக்கியமானது, கோயிலுக்குப் போகிறவர்களை மட்டும்தான் ஏற்ற வேண்டும். கொடுத்த பிறகு அது ஆண்டவர் வண்டி. அவர் வண்டியில் கண்டவர்கள் ஏறி ஒண்டிக்கடையில் மிளகாய் வாங்கப் போவதா? இந்த விதிகள் அப்பாவுக்குத் தெரியாது. அவர் டிரைவர்தானே என்று நானும் சொல்லவில்லை.

ஐப்பசி மாதத்து ஒரு ஞாயிறு. மூன்று நாளாக மழை விட்டு விட்டுப் பெய்து, அன்று காலையில் மழை நின்று பனிமூட்டம் இறங்கியிருந்தது. அம்மாவின் விரிப்பு முடிந்துவிட்டது. அன்றுதான் ஆராதனையின் கடைசியில் அதை ஜெபித்து மேசையில் விரிப்பதாக இருந்தது. செய்தித்தாளில் சுற்றி, துணிப்பையில் வைத்து, கசங்காமல் பிடித்துக்கொள் என்று என் மடியில் வைத்திருந்தாள். மேட்டின் மேல் ஒரு வீட்டில் வயதான தம்பதி இருந்தார்கள். வழுக்கும் பாதையில் அவர்களால் இறங்க முடியாது. அப்பாவும் அம்மாவும் வண்டியை ரோட்டில் நிறுத்திவிட்டு அவர்களைக் கூட்டிவர மேலே ஏறிப் போனார்கள். வண்டியைப் பார்த்துக்கொள்ளும்படி என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

நான் பார்த்துக்கொண்டேன்.

பனிக்குள்ளிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் மலைமேல் சாமையும் கேழ்வரகும் போடும் குடியானவர், நரைத்த மீசை, தோளில் துண்டு. கூட அவருடைய மகள். வயிறு பெரிதாக இருந்தது. ஒரு கையை இடுப்பில் வைத்து, ஒவ்வொரு அடியையும் யோசித்து வைப்பது போல நடந்தாள்.

"ஏங்கண்ணு, வண்டி ஏற்காட்டுக்குத்தான போவுது?"

"ஆமாங்க. ஆனா இன்னைக்கு ஏத்த மாட்டோமுங்க. இன்னைக்கு இது சாமி வண்டிங்க. கோயிலுக்குப் போறவங்களுக்கு மட்டுந்தானுங்க."

"புள்ளைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவோணும் கண்ணு. பஸ்ஸு இன்னைக்கு வரலீங்கறாங்க."

"கோயில் ஆளுங்க இன்னும் வருவாங்க."

அவர் வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். பின்னால் யாருமே இல்லை. "நொம்ப எடம் இருக்குதே," என்றார், சண்டைக்காக அல்ல, எனக்குத் தெரியாமல் இருக்கலாம் என்பது போல.

"அது பெரியவங்களுக்குங்க."

அந்த அக்கா கதவுக் கம்பியைப் பிடித்திருந்த கையை எடுத்துக்கொண்டாள். சாமி பெயரைச் சொல்லிவிட்ட பிறகு அவரும் பேச்சை வளர்க்கவில்லை. "சரி சாமி," என்றார். ரோட்டை விட்டு இறங்கி, எஸ்டேட் குறுக்குவழியில் இருவரும் போனார்கள். பத்தடியில் பனி அவர்களை மூடிவிட்டது. எனக்குப் பெருமையாக இருந்தது. ஆண்டவருடைய பொருளை முதல்முறையாக நான் தனியாகக் காப்பாற்றியிருக்கிறேன்.

அப்பா மேட்டு வீட்டுத் தாத்தாவை முதுகில் சுமந்துகொண்டு இறங்கி வந்தார். அம்மா அவருடைய மனைவியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கிளம்பினோம். வழியில் இன்னும் ஏழெட்டுப் பேரை ஏற்றினோம். பாட்டுப் பாடிக்கொண்டே போனோம்.

ஆராதனையில் நான் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இப்போதெல்லாம் அவர் நழுவுவதில்லை. பிரசங்கமும் கேட்டார். அன்றைக்கு ஆயர், ஆண்டவர் கொடுத்ததைக் காத்து நடத்தும் உண்மையுள்ள வேலைக்காரனைப் பற்றிப் பேசினார். அவர் என்னைப் பற்றித்தான் பேசுகிறார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அப்பாவுக்கும் அது தெரிய வேண்டும் என்று தோன்றியது. அவர் காதுக்குப் பக்கத்தில் போய்ச் சொன்னேன்.

"அப்பா, காலைல ரெண்டு பேரு ஏற வந்தாங்க. கோயிலுக்குப் போறவங்க இல்ல. நான் ஏத்தல."

அப்பா பிரசங்கத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "யாரு கண்ணு?" என்றார்.

"ஒரு பெரியவரு. அப்பறம் வயிறு பெருசா இருந்த ஒரு அக்கா. ஆஸ்பத்திரிக்குன்னாங்க."

அவர் என் பக்கம் திரும்பினார். "எப்படிப் போனாங்க?"

"எஸ்டேட் வழியா. நடந்து."

அப்பா எழுந்தார். இந்த முறை தலையைக் குனியவில்லை, சாவியை மறைக்கவும் இல்லை. ஆயர் பேச்சை நிறுத்திப் பார்க்க, நடுவழியில் நடந்து பெண்கள் பக்கம் போய் அம்மாவிடம் குனிந்து இரண்டு வார்த்தை சொன்னார். அம்மா பையை எடுத்துக்கொண்டு அப்படியே எழுந்தாள். போகிற போக்கில் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கை இறுக்கமாக இருந்தது. கோபமாக இருக்கிறாரா என்று பார்த்தேன். தெரியவில்லை.

ஜீப்பில் வந்த வழியே திரும்பினோம். பனி இன்னும் கெட்டியாகியிருந்தது. வைப்பர் கண்ணாடியில் கீச்சிட்டுக்கொண்டே இருந்தது. எஸ்டேட் கேட்டில் காவலாளியிடம் அப்பா கேட்டார். அப்படி யாரும் இந்தப் பக்கம் வெளியே வரவில்லை என்றான் அவன். அப்படியானால் இன்னும் உள்ளேதான் இருக்கிறார்கள். கேட்டைத் திறந்துவிட்டான். காப்பிச் செடிகளுக்கு நடுவே மண்பாதையில், முதல் கியரில், அப்பா தலையை வெளியே நீட்டிப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். நானும் என் பக்கம் எட்டிப் பார்த்துத் தேட ஆரம்பித்தேன்.

ஒரு சில்வர் ஓக் மரத்தடியில் இருந்தார்கள். பெரியவர் ஈரமண்ணில் தன் துண்டை விரித்து மகளை உட்கார வைத்திருந்தார். அவள் மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் முடி ஒட்டியிருந்தது. எங்கள் வண்டியைப் பார்த்ததும் பெரியவர் எழுந்து நின்றார். கிட்டே ஓடி வரவில்லை. முன்சீட்டில் என்னைப் பார்த்துவிட்டு அங்கேயே தயங்கி நின்றார்.

"ஏனுங்க, வாங்க, தூக்கி ஏத்துங்க," என்றார் அப்பா இறங்கிக்கொண்டே.

"டிரைவருங்க, இன்னைக்கு இது சாமி வண்டிங்களாமே?"

அவர் அதைக் குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அந்த நிலைமையிலும் ஒரு சாமிக்கு விட்டதைத் தான் தொட்டுவிடக் கூடாது என்று உண்மையாகவே கேட்டார்.

"ஆமாங்க. சாமி வண்டிதானுங்க," என்றார் அப்பா. "அதனாலதானுங்க தேடிட்டு வந்திருக்குது. ஏறுங்க."

இருவரும் சேர்ந்து அவளைத் தூக்கிப் பின்னால் படுக்க வைத்தார்கள். அம்மா கூடவே ஏறி, பெரியவரை முன்னால் அனுப்பிவிட்டு, தார்ப்பாய்த் திரையை இழுத்துவிட்டாள். நான் அப்பாவுக்கும் அவருக்கும் நடுவில் ஒடுங்கி உட்கார்ந்தேன். அப்பாவின் இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன.

"ஒவ்வொரு திருப்பத்துலயும் ஹாரன அழுத்திட்டே இரு கண்ணு. வுட்டுராத."

அழுத்தினேன். பனிக்குள் எதிரே எது வருகிறது என்று தெரியாது. பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது அந்த அக்காவின் சத்தம் என்று நம்ப முடியவில்லை. காலையில் ஒரு வார்த்தைகூடப் பேசாதவள். பெரியவர் இரண்டு கையையும் முழங்காலில் வைத்து, உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார். அவர் தன் சாமியிடம் பேசுகிறார் என்று தெரிந்தது. நானும் என் ஆண்டவரிடம் பேசினேன். அந்த அக்காவைக் காப்பாற்றினால் என் பென்சில் டப்பாவைத் தருகிறேன் என்றேன். ஸ்கிப்பிங் கயிறு. ரிப்பன், இரண்டு ஜோடியும். வேறு எதுவும் கொடுப்பதற்கு இல்லாமல், இருந்ததையெல்லாம் ஒவ்வொரு வளைவுக்கும் ஒன்றாகச் சொன்னேன். எல்லாம் தீர்ந்த பிறகும் வளைவுகள் இருந்தன.

ஏரிக்கு மேலே ஏற்றத்தில் போகும்போது அம்மா உள்ளிருந்து, "நிறுத்துங்க!" என்று கத்தினாள். அப்பா ஓரமாக நிறுத்தினார். வண்டி நின்றதும் எவ்வளவு அமைதி என்று எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. கண்ணாடியில் தண்ணீர் சொட்டும் சத்தம்கூடக் கேட்டது. அப்புறம் திரையின் ஓரத்திலிருந்து அம்மாவின் கை நீண்டது.

"கண்ணு, அந்தப் பையக் குடு."

என் மடியில்தான் இருந்தது. ஏறும்போது அவளே தூக்கிப் போட்டிருந்தாள். "அம்மா, அது திருமேசைக்கும்மா," என்றேன்.

"குடுடி!"

கொடுத்தேன். செய்தித்தாள் கிழியும் சத்தம் கேட்டது. கையைக் கழுவாமல் நான் தொடக் கூடாதென்று இரண்டு மாதம் காத்த துணி. அப்பா ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். அப்புறம் ஒரு குழந்தை அழுதது. மெல்லிய அழுகைதான். ஆனால் அதைக் கேட்டதும் பக்கத்தில் இருந்த பெரியவர், அவ்வளவு நேரம் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவர், தன் துண்டைத் தேடினார். துண்டை மரத்தடியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். அப்பா தன்னுடையதைக் கொடுத்தார்.

"பொண்ணு," என்றாள் அம்மா உள்ளிருந்து. "சீக்கிரம் ஓட்டுங்க, ஆஸ்பத்திரிக்கு."

ஆஸ்பத்திரியில் தாயையும் குழந்தையையும் நன்றாகவே பார்த்துக்கொண்டார்கள். இன்னும் தாமதித்திருந்தால் தாய்க்கு ஆபத்தாகியிருக்கும் என்று நர்ஸ் அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனபோது அந்த வெள்ளைத் துணியிலிருந்து ஒரு திராட்சைக்குலை மட்டும் வெளியே தெரிந்தது. அம்மா அதைத் திரும்பக் கேட்கவில்லை.

நாங்கள் கோயிலுக்குத் திரும்பும்போது ஆராதனை முடிந்து வெகுநேரம் ஆகியிருந்தது. எங்கள் வண்டியில் வந்தவர்கள் வாசல் கூரைக்கடியில் குளிரில் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். மூப்பர் குடையோடு முன்னால் வந்தார்.

"என்னப்பா இது, ஆண்டவருக்குன்னு குடுத்த வண்டி. வயசானவங்களயெல்லாம் வுட்டுட்டு நடு ஆராதனைல எடுத்துட்டுப் போனா என்ன அர்த்தம்?"

அப்பா வாயைத் திறப்பதற்குள் அம்மா இறங்கினாள். சேலை முந்தானையில் ரத்தம் காய்ந்திருந்தது. முதல் நாளிலிருந்து இந்த ஞாயிறு ஓட்டத்தைப் பற்றி முணுமுணுத்துக்கொண்டே இருந்தவள் அவள்தான். "ஏறுங்க, ஊட்டுக்குப் போலாம்," என்றாள். "பின்னாடி ஈரமா இருக்கும். பாத்து உக்காருங்க." மூப்பர் முந்தானையைப் பார்த்தார். குடையை மடக்கிவிட்டு, மற்றவர்களுக்குக் கை கொடுத்து ஏற்றிவிட்டார். ஆயர் ஓடி வந்து, என்ன நடந்தது, விரிப்பு எங்கே என்றெல்லாம் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். அப்பா "பிரசவமுங்க ஐயா" என்றதும், "ஆணா, பொண்ணா?" என்றுதான் கேட்டார்.

வீட்டில் எனக்கு நன்றாகக் கிடைத்தது, அம்மாவிடமிருந்து. வாய் மட்டும் ஏழு ஊருக்கு இருக்கிறது, கண் எங்கே வைத்திருந்தாய் என்றாள். முதுகில் ஒன்றும் வைத்தாள். அப்பா வாளியில் தண்ணீரும் துணியும் எடுத்துக்கொண்டு வண்டியின் பின்பக்கத்தைக் கழுவப் போனார். கொஞ்ச நேரம் கழித்து நானும் போனேன். ஒரு துணியை என்னிடம் நீட்டினார். இருவரும் இருட்டுவதற்குள் கழுவி முடித்தோம். திட்டுவார் திட்டுவார் என்று நான் காத்துக்கொண்டே இருந்தேன். திட்டாதது முதுகில் விழுந்ததை விட வலித்தது.

அடுத்த ஞாயிறிலிருந்து வழியில் கை காட்டியவர்கள் எல்லோரும் ஏறினார்கள். கோயிலுக்கு வருபவர்கள் கோயிலில் இறங்கினார்கள், மற்றவர்கள் அவரவர் இடத்தில். கொய்யாக் கூடை ஏறியது. ஒருமுறை காலொடிந்த ஆட்டுக்குட்டி ஒன்றும் ஏறியது, அதுவும் மூப்பரின் மடியில். நான் முன்சீட்டை விட்டுப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். யாரும் போகச் சொல்லவில்லை.

காப்பிப் பழம் சிவந்து, மலைமேல் சாமை அறுத்து முடிந்த நேரத்தில் கோயிலில் அறுப்பின் பண்டிகை வந்தது. அவரவர் தோட்டத்தில் விளைந்ததை, கையால் செய்ததைக் கொண்டுவந்து திருமேசைக்கு முன்னால் வைப்பார்கள். மேசையில் அம்மா தைத்த இரண்டாவது விரிப்பு இருந்தது. பூவேலை எதுவும் இல்லாத வெறும் வெள்ளை, நேரம் போதவில்லை என்றாள். அதன் முன்னால் பூசணியும் சௌசௌவும் மிளகுக் கொடியும் ஆரஞ்சுப் பழங்களும் குவிந்திருந்தன. சமையல்காரர் ஒரு பாத்திரம் நிறையப் பாயசம் வைத்திருந்தார். நான் என் பென்சில் டப்பாவையும் கயிற்றையும் ரிப்பன்களையும் ஒரு பூசணிக்குப் பின்னால், யாருக்கும் தெரியாத இடமாகப் பார்த்து வைத்தேன்.

காணிக்கைப் பாட்டு பாதியில் இருக்கும்போது வாசலில் அந்தப் பெரியவர் நின்றார். தலையில் ஒரு சிறு மூட்டை. உள்ளே வரலாமா என்று தெரியாமல் அப்பாவைத் தேடினார். அப்பா எழுந்து போய் அழைத்து வந்தார். அவர் நடுவழியில் மெதுவாக நடந்து வந்து மூட்டையை இறக்கி, எங்கே வைப்பது என்று பார்த்து, மற்றவற்றோடு சேர்த்து வைத்தார். மூட்டையின் வாய் கொஞ்சம் அவிழ்ந்து சாமை தெரிந்தது. "பேத்தி நல்லாயிருக்குதுங்க," என்றார், ஆயரிடமா மேசையிடமா என்று தெரியாமல் பொதுவாக. பிறகு கைகூப்பி, என் பெஞ்சுக்கு எதிரே ஓரமாக நின்றுகொண்டார்.

ஆயர் ஜெபிக்கத் தொடங்கினார். குவிந்திருந்த எல்லாவற்றுக்காகவும் சேர்த்து ஜெபித்ததால் அது நீண்டது. நீளமான ஜெபத்தில் எனக்குக் கண் தானாகத் திறந்துவிடும். திறந்து பார்த்தேன். எல்லோரும் தலை குனிந்து கண் மூடியிருந்தார்கள். அவர் மட்டும் மூடவில்லை. மூட வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. கூப்பிய கையோடு சுற்றிப் பார்த்துக்கொண்டே வந்த அவர் கண் என்மேல் நின்றது.

எல்லோர் முன்னாலும் இவர் என்னைச் சுட்டிக்காட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் சிரித்தார். நரைத்த மீசைக்குக் கீழே, வீட்டுக்கு வந்த பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பது போல ஒரு சிரிப்பு. நானும் அவசரமாகச் சிரித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். அப்பாடா, இவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை, எல்லாம் மறந்துவிட்டது என்று நிம்மதியாக ஆமென் சொன்னேன்.

நன்றாக அடையாளம் தெரிந்துதான் அவர் சிரித்தார் என்பது அப்போது எனக்குத் தெரியாது.